கப்பல் ஜெனோவாவில் நின்றால்: இறங்கி நடப்பதற்கு ஒரு முழு வழிகாட்டி

மத்தியதரைக்கடல் குரூஸ் போய் வந்தவர்கள் காட்டும் படங்களில் ரோம் இருக்கும், பார்சிலோனா இருக்கும், இத்தாலியின் ஜெனோவா மட்டும் இருக்காது. கப்பல் அங்கே ஒரு பகல் முழுக்க நின்றிருக்கும். ஆனால் பாதிப் பேர் காலையிலேயே பஸ் ஏறி மிலானுக்கோ போர்ட்டோஃபினோவுக்கோ போய்விடுவார்கள், மீதிப் பேர் மீன் காட்சியகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பிவிடுவார்கள். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். அதைவிட மோசம், நகரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறோம் என்று சொன்ன பஸ்ஸுக்குத் தனியாகக் காசு கட்டினேன்; இருபது நிமிடம் நடந்தால் வரும் இடத்தில் இறக்கிவிட்டார்கள்.

ரோமுக்கான துறைமுகம் என்று சொல்லப்படும் சிவிடவெக்கியாவிலிருந்து ரோம் எழுபது கிலோமீட்டருக்கு மேல். ஃப்ளோரன்ஸுக்கும் அப்படித்தான், லிவோர்னோவில் இறங்கி உள்ளே போக வேண்டும். ஜெனோவாவில் அந்தப் பாடே இல்லை. ஊர் கப்பலின் வாசலிலேயே தொடங்குகிறது. அதனால் இந்த ஒரு துறைமுகத்திலாவது பஸ் ஏறாதீர்கள். இரண்டாம் தடவை அம்மாவோடு போனபோது நடந்த பாதையைத்தான் கீழே எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, ஆகவே ஏற்றம் குறைவான வழி.

கிளம்பும் முன்னால்

முதலில் உங்கள் கப்பல் நிற்பது ஜெனோவாவா சவோனாவா என்று டிக்கெட்டில் பாருங்கள். சவோனா ஏறக்குறைய 45 கிலோமீட்டர் மேற்கே இருக்கும் வேறு ஊர், அங்கேயும் பெரிய குரூஸ் துறைமுகம் உண்டு. ஜெனோவா என்றால் பெரும்பாலும் பொன்டே டெய் மில்லே, அல்லது அதன் பக்கத்திலேயே இருக்கும் ஆண்ட்ரேயா டோரியா துறை. இரண்டில் எது என்றாலும் இந்தப் பாதை சரியாக இருக்கும்.

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும் என்பது தெரிந்ததுதான். ஆனால் கப்பல் நடுவில் துனிசியா, துருக்கி என்று ஷெங்கனுக்கு வெளியே போய் வருமானால் பல முறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். சில கப்பல்களில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அப்போது இறங்கும்போது ஒரு நகலும் கப்பல் கார்டும் கையில் இருக்கட்டும்.

கிழமையைப் பாருங்கள். திங்கட்கிழமை என்றால் வியா கரிபால்டி தெருவின் அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். தேவாலயங்கள் பல மதியம் பன்னிரண்டு வாக்கில் சாத்தி, மூன்று மணிக்கு மேல்தான் திறக்கும். அதனால் கதீட்ரலை மதியத்துக்கு முன் முடித்துவிடும்படி இந்தப் பாதையை வைத்திருக்கிறேன். அக்டோபர், நவம்பரில் போனால் மழை பெரிய விஷயம். மலை நேராகக் கடலில் இறங்கும் ஊர் இது, 2011-லும் 2014-லும் வெள்ளத்தில் உயிர்ப்பலியே ஆனது. வானிலை எச்சரிக்கையை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்தில் அறிவிப்பார்கள். சிவப்பு என்றால் கப்பலிலேயே இருந்து சீட்டாடலாம்.

கடைசியாக, கப்பல் கிளம்பும் நேரம் வேறு, நீங்கள் உள்ளே இருக்க வேண்டிய நேரம் வேறு. ஆறு மணிக்குக் கிளம்பும் கப்பலுக்கு ஐந்து, ஐந்தரைக்கே வாசல் மூடலாம். முந்தைய நாள் அறையில் வைக்கும் தாளில் அந்த நேரம் இருக்கும். அதைப் படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கியதும்

நீங்கள் இறங்கும் கட்டடமே பார்க்க வேண்டியதுதான். ஸ்டாட்சியோனே மாரிட்டிமா, 1930-இல் திறந்தது, கடல் கடந்து போகும் பெரிய கப்பல்களின் காலத்து மண்டபம். இந்தத் துறைமுகத்திலிருந்துதான் லட்சக்கணக்கான இத்தாலியர்கள் பெட்டியும் மூட்டையுமாக அர்ஜென்டினாவுக்கும் அமெரிக்காவுக்கும் பிழைக்கப் போனார்கள். இப்போது நாம் அதே இடத்தில் உல்லாசக் கப்பலிலிருந்து இறங்குகிறோம்.

வெளியே வந்ததும் டாக்சிக்காரர்கள் கூப்பிடுவார்கள். சிரித்துவிட்டு நடங்கள். பத்து நிமிடத்தில் பியாட்சா பிரின்சிபே ரயில் நிலையம் வந்துவிடும், அதன் முன்னால் கொலம்பஸ் சிலை நிற்கும் சதுக்கம். கொலம்பஸ் 1451 வாக்கில் பிறந்தது இந்த ஊரில்தான், எங்கு திரும்பினாலும் அவர் பெயர் வந்துகொண்டே இருக்கும்.

இங்கிருந்து கிழக்கே இரண்டு வழி. கடல் பக்கமாக, தாழ்வில் போவது வியா பிரே. பழைய சந்து, நெருக்கமான சிறு கடைகள், பல நாட்டு மளிகை வாசனை, கூடவே கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம். மேலே போவது வியா பால்பி. நாம் போவது அதில்.

வியா பால்பியிலிருந்து வியா கரிபால்டி

வியா பால்பியில் நடக்கும்போது பஸ் சத்தமும் மாணவர் கூட்டமுமாக இருப்பதால், இது ஒரு காலத்தில் ஒரே குடும்பம் தனக்காக அமைத்துக்கொண்ட அரண்மனைத் தெரு என்பது மனதில் ஏறாது. நடுவில் பலாட்சோ ரியாலே. பால்பி குடும்பம் கட்டி, துராட்சோ குடும்பம் வாங்கி, கடைசியில் சவோய் அரச குடும்பத்திடம் போன மாளிகை. டிக்கெட் வாங்கி உள்ளே போனால் கண்ணாடி மண்டபம் இருக்கிறது. எனக்குப் பிடித்தது பின்னால் இருக்கும் தோட்டம்தான். கறுப்பும் வெள்ளையுமாகக் கூழாங்கற்களைப் பதித்துக் கோலம் போட்ட மாதிரி தரை, அதற்கு இந்த ஊர்ப் பேச்சில் ரிசேயு என்று பெயர். அங்கிருந்து துறைமுகமும் உங்கள் கப்பலும் தெரியும்.

தெரு முடிவில் அனுன்சியாட்டா தேவாலயம். திறந்திருந்தால் ஐந்து நிமிடம் உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள், கூரை முழுக்கத் தங்கப் பூச்சு. அப்புறம் லார்கோ செக்கா வழியாக, வியா கைரோலியில் நடந்து வியா கரிபால்டிக்கு வந்துவிடலாம்.

வியா கரிபால்டி 250 மீட்டர்தான். அந்த 250 மீட்டரில் இருபுறமும் மாளிகைகள், 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெனோவாவின் வட்டிப் பணக்காரர்கள் திட்டமிட்டு மனை பிரித்துக் கட்டியவை. ஸ்பெயின் அரசருக்கே கடன் கொடுத்தவர்கள் இவர்கள். ஜெனோவா அன்று ஒரு தனிக் குடியரசு; அதற்கு அரசர் கிடையாது, அரசர் அரண்மனையும் கிடையாது. அப்படியென்றால் வெளிநாட்டு மன்னரும் தூதரும் வந்தால் எங்கே தங்க வைப்பது? 1576-இல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். தகுதியான மாளிகைகளைப் பட்டியல் போட்டு, விருந்தாளி வரும்போது அந்த வீட்டுக்காரர் தன் வீட்டில் வைத்து உபசரிக்க வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். பட்டியலிலும் தர வரிசை உண்டு, போப்பாண்டவருக்கு ஒரு வீடு, சாதாரண ஆளுநருக்கு வேறு வீடு என்று. அந்தப் பட்டியலுக்குப் பெயர் ரொல்லி. 2006-இல் யுனெஸ்கோ 42 ரொல்லி மாளிகைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இவற்றில் பலாட்சோ ரொஸ்ஸோ, பலாட்சோ பியாங்கோ, டோரியா-துர்சி மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். நேரம் குறைவென்றால் ரொஸ்ஸோ மட்டும் போதும், வான் டைக் வரைந்த குடும்பப் படங்களும் மேலே கூரையில் ஏறிப் பார்க்கும் தளமும் இருக்கின்றன. வயலின் பிடிக்கும் என்றால் பகனினி வாசித்த 'கன்னோனே', அதாவது பீரங்கி, 1743-இல் குவர்னேரி செய்தது, நகரத்தின் சொத்தாக இங்கேதான் பாதுகாக்கப்படுகிறது. பகனினியும் இந்த ஊர்க்காரர், 1782-இல் பிறந்தவர். ஒன்றுக்கும் டிக்கெட் வாங்க மனமில்லையா, திறந்திருக்கும் வாசல்கள் வழியாக முற்றங்களை எட்டிப் பார்த்தபடி நடந்தாலே தெருவில் பாதியைப் பார்த்த மாதிரி.

லிஃப்டில் ஏறுங்கள்

இதை மட்டும் யாரும் தவறவிட வேண்டாம். வியா கரிபால்டியின் மறுமுனையில் பியாட்சா போர்ட்டெல்லோ. அங்கே மலைக்குள் குடைந்த, ஓடு பதித்த ஒரு சுரங்க நடைபாதை, அதன் கடைசியில் லிஃப்ட். அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போகும் ஊர்க்காரர்கள் தினமும் ஏறி இறங்கும் பொதுப் போக்குவரத்து லிஃப்ட் இது, 1909 முதல் ஓடுகிறது. இந்த ஊரில் இப்படிப் பல லிஃப்டுகள், கூடவே பழனியில் நாம் விஞ்ச் என்போமே, அந்த மாதிரி மலை ரயில்களும். அரை நாள் கூடுதலாக இருந்தால் லார்கோ செக்காவிலிருந்து ரிகி வரை போகும் விஞ்சில் ஏறலாம்.

லிஃப்ட் நிற்கும் இடம் காஸ்டெல்லெட்டோ. கதவு திறந்து நாலு அடி வைத்தால் மொத்த ஊரும் காலடியில். சாம்பல் நிறக் கல்பலகை வேய்ந்த கூரைகள், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும் வீடுகள், நடுவில் சந்துகள் இருப்பதே தெரியாது. அதற்கு அப்பால் கிரேன்கள், கப்பல்கள், கடல். அம்மா அங்கே பெஞ்சில் உட்கார்ந்தவர் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. காலை பத்தரைக்கு முன் போனால் வெயில் நேராக முகத்தில் அடிக்காது, படம் நன்றாக வரும்.

சந்துகளுக்குள்

அதே லிஃப்டில் இறங்கி வியா கரிபால்டியைக் குறுக்கே கடந்து தெற்கே எந்தச் சந்தில் நுழைந்தாலும் பழைய ஊர்தான். கருஜ்ஜி என்று சொல்வார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைத் திருப்ப வேண்டிய அகலம், இருபுறமும் ஆறு ஏழு மாடி. மேலே ஒரு கோடு வானம், அதிலும் துணி காயும். போன் வரைபடம் இங்கே அடிக்கடி தடுமாறும். பயம் வேண்டாம், சரிவு எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம் கடல். வழி தவறினால் இறங்கிக்கொண்டே போங்கள், துறைமுகம் வந்துவிடும். பகலில் பிரதான சந்துகள் கலகலப்பாக இருக்கும். ஆளில்லாத, இருட்டான சந்து கண்ணில் பட்டால் அதில்தான் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கடை தேடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். இந்த ஊரில் ஒரே தெருவில் இரண்டு வகைக் கதவு எண். வீடுகளுக்குக் கறுப்பு, கடைகளுக்குச் சிவப்பு. கறுப்பு 20-க்கும் சிவப்பு 20-க்கும் சம்பந்தமே இருக்காது. முகவரியில் எண்ணுக்குப் பின்னால் ஒரு 'ஆர்' எழுத்து இருந்தால் சிவப்பு எண்ணைத் தேடுங்கள். இது தெரியாமல் ஒரு மிட்டாய்க் கடைக்கு நான் மூன்று தடவை சுற்றினேன்.

சோசிலியா, காம்பெட்டோ வழியாக வந்தால் சான் மட்டேயோ சதுக்கம். டோரியா குடும்பத்தின் சொந்த மூலை. கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட சிறிய தேவாலயம், கடற்படைத் தளபதி ஆண்ட்ரேயா டோரியா அடக்கமாகியிருப்பது அங்கேதான். அங்கிருந்து ஐந்து நிமிடம் சான் லொரென்சோ கதீட்ரல்.

கதீட்ரலில் தோள் மூடிய உடை வேண்டும். வலது பக்கம் ஒரு பீரங்கிக் குண்டை நிறுத்தி வைத்திருப்பார்கள், ஆள் உயரம் இருக்கும் போல. 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் கடற்படை ஊரைச் சுட்டபோது கட்டடத்தைத் துளைத்து உள்ளே விழுந்த குண்டு அது. வெடிக்கவில்லை. வெளியே வந்ததும் முகப்பில் செதுக்கிய சிற்பங்களுக்கு நடுவே படுத்துத் தூங்கும் ஒரு குட்டி நாயைத் தேடுங்கள், குழந்தைகள் கூட இருந்தால் இதற்கே கால் மணி நேரம் ஓடும்.

கால் தெம்பாக இருந்தால் கிழக்கே சற்று மேலேறி பியாட்சா டெ ஃபெராரியின் பெரிய வெண்கல நீரூற்றையும், அதைத் தாண்டி போர்ட்டா சொப்ரானா கோட்டை வாசலையும் பார்க்கலாம். 1155-இல் பார்பரோசா மன்னன் படையெடுத்து வருவானோ என்ற அச்சத்தில் கட்டிய மதிலின் வாசல். பக்கத்தில் 'கொலம்பஸ் வீடு' என்று ஒன்று உண்டு. 1684-இல் பிரெஞ்சுக் கப்பல்கள் குண்டு வீசியதில் பழையது போய், பிற்பாடு திரும்பக் கட்டியது. வெளியிலிருந்து ஒரு படம் போதும், டிக்கெட் காசில் ஃபொகாச்சா ரொட்டி வாங்கிச் சாப்பிடலாம்.

சாப்பாடு

சைவக்காரர்கள் இத்தாலியில் பீட்சாவை விட்டால் கதியில்லை என்று நினைப்பார்கள். ஜெனோவா அதற்கு விதிவிலக்கு. கதீட்ரலிலிருந்து வியா சான் லொரென்சோவில் நேரே இறங்கினால் சொட்டோரிபா, துறைமுகத்தைப் பார்த்த வளைவுத் தாழ்வாரம். ஒரு காலத்தில் கடல் அலை இதுவரை வந்தது. இங்கேயும் பக்கத்துச் சந்துகளிலும் பழைய பொரியல் கடைகள் இருக்கின்றன.

கேட்க வேண்டியது ஃபரினாட்டா. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். வண்டிச் சக்கரம் போன்ற அகலமான செம்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி விறகு அடுப்பில் சுடுவார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று. மிளகுத்தூள் தூவிச் சூடாகச் சாப்பிட வேண்டும், ஆறினால் வீண். அம்மா ஒரு வாய் வைத்ததும், "ஏன்டா, இது நம்ம கடலை மாவுதானே? இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார். சொல்லிக்கொண்டே இரண்டாவது துண்டையும் முடித்தார். சில கடைகளில் குட்டி மீன் போட்டும் செய்வார்கள், 'சென்சா பெஷே' என்றால் மீன் இல்லாமல். 'சென்சா கார்னே' என்றால் கறி இல்லாமல்.

ஃபொகாச்சாவைக் காலையிலேயே வாங்கியிருக்கலாம், நான் இங்கே வைத்ததற்குக் காரணம் எதுவும் இல்லை. ஆலிவ் எண்ணெய் குழிகளில் தேங்கி நிற்கும் தட்டை ரொட்டி, உப்பு தூக்கலாக இருக்கும். ஊர்க்காரர்கள் இதைக் காலைக் காப்பியில் முக்கிச் சாப்பிடுவார்கள். விலைப் பலகையில் 'எட்டோ' என்று இருந்தால் நூறு கிராம் விலை. அதைத் துண்டு விலை என்று எண்ணி அகலமாக வெட்டச் சொல்லிவிட்டு முழிக்காதீர்கள்.

உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றால் பெஸ்டோ என்ற துளசிச் சட்னி போட்ட த்ரோஃபியே அல்லது த்ரெனெட்டே பாஸ்தா கேளுங்கள், உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்துக் கொடுப்பார்கள். பெஸ்டோவின் பிறப்பிடமே இதுதான், பிரா என்ற மேற்குப் பகுதியில் விளையும் சின்ன இலைத் துளசி இனம்தான் அதற்குப் பெயர் போனது. ஒரு எச்சரிக்கை, அதில் சேரும் பார்மெசான் பாலாடைக் கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் ஊற்றித்தான் உறைய வைப்பார்கள். கறாரான சைவம் என்றால் ஃபரினாட்டாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பில்லில் 'கொபெர்ட்டோ' என்று ஒரு தொகை வரும். ஏமாற்று இல்லை, உட்கார்ந்ததற்கான கட்டணம். காப்பியை மேடை அருகே நின்று குடித்தால் விலை குறைவு, கழிவறையையும் அந்தச் சாக்கிலேயே முடித்துவிடலாம்.

ஒரு சிறைக் கட்டடம், நமக்கும் தொடர்புண்டு

சொட்டோரிபாவுக்கு எதிரே சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய ஒரு கட்டடம், அதன் மூக்கின் முன்னால் 1960-களின் ஆகாயப் பாலம் ஒன்று அசிங்கமாகப் போகும். அந்தக் கட்டடம் பலாட்சோ சான் ஜோர்ஜோ, 1260-இல் கட்டத் தொடங்கியது. 1407-இல் தொடங்கிய சான் ஜோர்ஜோ வங்கி, உலகின் மிகப் பழைய வங்கிகளில் ஒன்று, இங்கேதான் நடந்தது.

அதற்கு முன் இதைச் சிறையாகவும் வைத்திருந்தார்கள். 1298-இல் குர்சோலா கடற்போரில் ஜெனோவா வெனிஸைத் தோற்கடித்துப் பிடித்து வந்த கைதிகளில் மார்கோ போலோவும் ஒருவர் என்றும், அவரை அடைத்தது இந்தக் கட்டடத்தில் என்றும் சொல்வார்கள். தன் பயணங்களை மார்கோ போலோ சொல்லச் சொல்ல, கூட இருந்த பீசாக்காரர் ருஸ்டிகெல்லோ எழுதினார். அதில் நம் பாண்டிய நாடு வருகிறது. மன்னார் கடலில் முத்துக் குளிக்கிறவர்கள், ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் வந்து சேரும் காயல் துறை, எல்லாம். தாமிரபரணி முகத்துவாரத்துச் செய்தி இப்படி ஜெனோவாச் சிறையிலிருந்தும் ஐரோப்பியர் காதுக்குப் போனது. அந்தப் பாலத்துக்குக் கீழே வாகன இரைச்சலில் நின்று இதை அம்மாவிடம் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

மதியத்துக்கு மேல்

மணி இரண்டு ஆகியிருக்கும். கடலோரம் போர்ட்டோ ஆன்டிகோ. கொலம்பஸ் பயணத்தின் 500-ஆம் ஆண்டை ஒட்டி 1992-இல் நடந்த கண்காட்சிக்காக இந்த ஊர்க்காரரான கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ பழைய துறைமுகத்தை மாற்றி அமைத்தார், மீன் காட்சியகமும் அப்போது வந்ததுதான். குழந்தைகள் இருந்தால் அங்கே போங்கள், இரண்டு மூன்று மணி நேரமும் நல்ல தொகையும் போகும்.

பெரியவர்கள் மட்டும் என்றால் கப்பலை நோக்கித் திரும்பும் வழியிலேயே இருக்கும் கலாட்டா கடல் அருங்காட்சியகம் எவ்வளவோ மேல். 17-ஆம் நூற்றாண்டுத் துடுப்புக் கப்பல் ஒன்றை அசல் அளவில் கட்டி வைத்திருக்கிறார்கள். மேல் தளத்தில், பிழைக்கப் போனவர்களின் கப்பல் அறைகள், நியூயார்க்கில் அவர்களை விசாரித்த மேசை வரை உண்டு. வெளியே தண்ணீரில் நசாரியோ சவுரோ நீர்மூழ்கிக் கப்பல், உள்ளே குனிந்து போகலாம். அம்மா வாசலைப் பார்த்ததுமே மறுத்துவிட்டார்.

ஜீன்ஸ் போட்டிருக்கிறீர்களா? அந்தப் பெயரே ஜெனோவாவின் பிரெஞ்சுப் பெயரான 'ஜேன்' என்பதிலிருந்து வந்தது. இந்தத் துறைமுகம் வழியாகப் போன முரட்டுத் துணிக்கு ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கலாட்டாவிலிருந்து கப்பலுக்குக் கால் மணி நேர நடை. கால் விட்டுப்போனால் பக்கத்திலேயே டார்சேனா மெட்ரோ நிலையம், அடுத்தது பிரின்சிபே.

இரண்டாம் தடவை வருகிறவர்களுக்கு

குரூஸ் கப்பல்கள் திரும்பத் திரும்ப இங்கேயே நிற்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பஸ் பிடித்து ஸ்டல்யேனோ கல்லறைக்குப் போங்கள். 1851-இல் திறந்தது, பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுப் பளிங்குச் சிலைகள் வைத்த இடம். அத்தனை சீமான்களுக்கு நடுவே ஒரு கிழவி நிற்கிறாள், கத்தெரினா கம்பொதோனிகோ. திருவிழாக்களில் கொட்டைகளை மாலையாகக் கோத்து, வளைய ரொட்டியோடு கூவி விற்றவள். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த காசை 1881-இல் அன்றைய பெயர் பெற்ற சிற்பி லொரென்சோ ஒரெங்கோவிடம் கொடுத்து, உயிரோடு இருக்கும்போதே தன் சிலையைச் செய்யச் சொன்னாள். சரிகைத் துணியின் ஒவ்வொரு நூலும், கையில் அந்தக் கொட்டை மாலையும் கல்லில் அப்படியே இருக்கின்றன. போக வர இரண்டு மணி நேரம், உள்ளே ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் பதற்றம் இருக்காது.

ரயிலில் சான்டா மார்கெரிட்டா, கமோலி போன்ற கடலோர ஊர்களுக்கும் போகலாம், ஒரு மணி நேரத்துக்குள்தான். ஆனால் அன்று 'ஷோபெரோ', அதாவது வேலைநிறுத்தம் இருக்கிறதா என்று முந்தைய நாளே பாருங்கள், இத்தாலியில் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் நடைமேடையில் இருக்கும் பெட்டியில் முத்திரை குத்த வேண்டும், இல்லாவிட்டால் அபராதம்.

கப்பல் கிளம்பும்போது அறையில் படுத்துவிடாதீர்கள், மேல் தளத்துக்குப் போங்கள். லான்டெர்னா கலங்கரை விளக்கம் தெரியும், 1543-இல் இப்போதுள்ள வடிவத்தில் கட்டியது, 77 மீட்டர். அது மலையோரம் சிறுத்துக்கொண்டே போக, அம்மா கைப்பையிலிருந்து எண்ணெய்க் காகிதம் ஒன்றை எடுத்தார். எப்போது வாங்கினாரோ தெரியாது, உள்ளே பாதி ஃபொகாச்சா.